சேலத்து மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் கோட்டிங்: யாருக்குப் பயன், யாருக்கு வீண்

மாசி முடியும்போதே சேலத்துப் பெயின்ட் கடை வாசல்களில் வெள்ளை வாளிகள் அடுக்கடுக்காக ஏறிவிடும். கூல் ரூஃப், ஹீட் ரிஃப்ளெக்டிவ், சம்மர் கோட் என்று பெயர்தான் வேறு வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே வகைச் சரக்கு: தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் பசை, வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, சிலவற்றில் கண்ணாடி நுண்குமிழிகள். ஆகவே இது தனி ஒரு பிராண்டைப் பற்றிய மதிப்பீடு அல்ல, இந்த வகைச் சரக்கு முழுவதையும் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல சரக்கு, வாங்கலாம். ஆனால் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு இது இரண்டு வருடம்கூட நிற்காது. காய்ந்த பிறகு எத்தனை மைக்ரான் தடிமன் நிற்கும் என்று கேட்டு வாங்க வேண்டும். விரிசல் இல்லாத, தண்ணீர் தேங்காத காங்கிரீட் தளத்துக்கும், தகரக் கூரைக்கும் கொடுத்த காசுக்கு மேல் வேலை செய்யும். ஒழுகும் தளத்துக்கு மருந்தாக வாங்கினால் ஏமாற்றம்தான். ஏற்காட்டு வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

சேலத்தில் கூரைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சேலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை டிகிரிக்குச் சற்று மேலே உள்ள ஊர். சித்திரை முதல் வாரத்தில் உச்சி வேளைச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அந்த நேரத்தில் சுவர்களில் வெயில் வழுக்கிக்கொண்டுதான் போகும், மொத்தமும் மொட்டை மாடியில்தான் விழும். ஒரு சதுர மீட்டருக்கு 900 வாட் என்று வைத்துக்கொள்வோம். மழையிலும் தூசியிலும் கறுத்த பழைய காங்கிரீட் அதில் 70 சதவீதத்தை, அதாவது 630 வாட்டை விழுங்குகிறது. நல்ல வெள்ளைப் பூச்சு, புதிதாக இருக்கும்போது, 20 சதவீதம்தான் விழுங்கும்: 180 வாட். இந்த வித்தியாசம் முழுதும் வீட்டுக்குள் இறங்கிவிடாது. பெரும்பகுதி காற்றிலும் வானத்திலும் போய்விடும். வெளியே 38 டிகிரி, உள்ளே 28 என்று வைத்து 10க்கு 12 அடி அறை ஒன்றுக்குக் கணக்குப் போட்டால், 6 அங்குலத் தளத்தின் வழியாக உச்ச நேரத்தில் இறங்கும் வெப்பம் 1,300 வாட்டிலிருந்து 550 வாட் அளவுக்குக் குறையும். ஏசி பாஷையில் சொன்னால் கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு டன் ஏசி ஓடும் அறைக்கு இது பெரிய சுமை இறக்கம்.

காங்கிரீட் சூட்டை உடனே இறக்காது. மதியம் குடித்த வெயிலை மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும்போது மாடி அறையின் மேற்கூரை அனல் அடிப்பது அதனால்தான். பூச்சின் பலனும் அதே நேரத்தில்தான் நன்றாகத் தெரியும், மதியம் இரண்டு மணிக்கு அல்ல.

வாளியின் மேல் பத்து டிகிரி, பதினைந்து டிகிரி குறையும் என்று போட்டிருப்பதைப் பற்றி. அது பொய் அல்ல. ஆனால் எந்த டிகிரி என்பதைத்தான் சொல்வதில்லை. அது வெயிலில் கிடக்கும் மேற்பரப்பின் சூடு. மேற்பரப்பில் 20 டிகிரிகூடக் குறையலாம். தளத்தின் அடிப்பக்கத்தில் அதைவிடக் குறைவாகவும், அறைக் காற்றில் சில டிகிரி மட்டுமாகவும்தான் அது வந்து சேரும். அந்தச் சில டிகிரியே தூக்கத்துக்குப் போதும். ஆனால் ஏசியைக் கழற்றி விற்றுவிடலாம் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று: பலன் மேல் மாடிக்கு மட்டுமே. மாடி வீட்டின் கீழ்த் தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இதனால் ஒன்றும் தெரியாது.

வாங்கும்போது கேட்க வேண்டிய எண்கள் இரண்டு. முதலாவது சூரிய ஒளியைத் திருப்பும் அளவு, முழுதும் திருப்பினால் 1. 0.80க்கு மேல் இருந்தால் நல்லது. வணிகக் கட்டடங்களுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதியான இ.சி.பி.சி. 2017 தட்டைக் கூரைக்குக் குறைந்தது 0.60 கேட்டது. சில வாளிகளில் எஸ்.ஆர்.ஐ., அதாவது வெயிலிலும் சூடேறாமல் இருக்கும் திறனுக்கான எண், என்று போட்டிருக்கும். அதில் தரக் கறுப்பு 0, தர வெள்ளை 100. நல்ல பூச்சு 100ஐத் தொடும், தாண்டவும் செய்யும். இரண்டாவது எண்ணைத்தான் யாரும் கேட்பதில்லை: கன அளவில் திடப்பொருள் எத்தனை சதவீதம்? இதில்தான் மொத்த வியாபாரமும் இருக்கிறது.

ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டரைப் பரப்பினால் ஈரத்தில் 1 மில்லிமீட்டர் நிற்கும். கன அளவில் 50 சதவீதம் திடப்பொருள் என்றால், தண்ணீர் ஆவியான பிறகு மிஞ்சுவது அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். இப்போது கடைக்காரர் சொல்லும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். "ஒரு 20 லிட்டர் வாளி, ஆயிரம் சதுர அடிக்கு வந்துரும்." ஆயிரம் சதுர அடி 93 சதுர மீட்டர். 20 லிட்டரை அதில் பரப்பினால் காய்ந்து நிற்பது 107 மைக்ரான். மலிவுச் சரக்கில் திடப்பொருள் 38 சதவீதம்தான் என்றால் 80 மைக்ரான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். அடித்த அன்று வெள்ளையாகத்தான் இருக்கும், படம் எடுத்து அனுப்பலாம். துணி காயப்போடப் போய்வரும் கால்களும் இரண்டு மழைக்காலமும் அதைத் தின்றுவிடும்.

ஆள் நடமாடும் மாடிக்கு 250 மைக்ரான் வேண்டும். சதுர மீட்டருக்கு அரை லிட்டர். சொரசொரப்பான சிமென்ட் கொஞ்சம் குடிக்கும் என்பதால், கொத்தனார் கணக்கில் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, 5 லிட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் சதுர அடிக்கு 50 லிட்டர். கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தில் ஒரு அடி உயரமாவது ஏற்றி அடித்தால் இன்னும் 6, 7 லிட்டர். ஆக மூன்று வாளி. ஒரு வாளி போதும் என்று சொல்பவரிடம் வாங்கினால், மூன்று வருடத்தில் மூன்று முறை வாங்குவீர்கள். ஒவ்வொரு முறையும் கூலி தனி.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. சில வாளிகள் லிட்டரில் வராது, கிலோவில் வரும். இந்தச் சரக்கு தண்ணீரைவிடக் கனமானது. லிட்டருக்கு 1.3 கிலோ என்றால் 20 கிலோ வாளியில் இருப்பது 15 லிட்டரும் சொச்சமும்தான். மற்றது, திடப்பொருள் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் அது எடையிலா கன அளவிலா என்று பாருங்கள். எடையில் 60 என்பது கன அளவில் 50க்கும் கீழே போகலாம், ஏனென்றால் வெண்பொடியும் நிரப்புப் பொடியும் கனம். விவரத்தாள் கேட்டால் கம்பெனி டீலர் போனிலேயே அனுப்புவார். அது இல்லாத சரக்கை விட்டுவிடலாம்.

அடுத்தது அடிக்கும் முறை. உரிந்துபோன தளங்களில் பெரும்பாலும் பழி பூச்சின் மேல் விழுகிறது, தப்பு அடித்தளத்தில் இருக்கிறது.

புதுக் காங்கிரீட் என்றால் 28 நாள் முடியாமல் தொட வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரமும் காரமும் மேலே வந்து பூச்சைத் தூக்கிவிடும். பழைய தளம் என்றால் பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் தெளிவாகப் போகும்வரை கழுவ வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டி, சாயங்காலம் தொடங்கி மறுநாள் காலை வரை, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தளத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. அன்றைக்கு வேலை கிடையாது.

விரிசல்களை மேலே பூசி மறைக்கக் கூடாது. வி வடிவில் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பாலிமர் கலந்த விரிசல் அடைப்பானை நிரப்பி, அதன் மேல் ஃபைபர் வலை வைத்து ஒரு கோட்டிங் கொடுக்க வேண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் சிமென்ட் கலவையால் சரிவு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகல் பாதி அந்த மூலையில்தான் பிறக்கிறது.

பிறகு தண்ணீர் வாட்டம். பத்து அடிக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் சரிவு இல்லாத தளத்தில் குட்டை கட்டும். நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும் அக்ரிலிக் மெல்ல இளகி, கொப்பளித்து, வட்டமாக உரியும். எந்தக் கம்பெனியும் இதற்கு விலக்கல்ல. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு அரை மணி கழித்து எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களைக் கலவை போட்டு மட்டம் செய்த பிறகுதான் பூச்சு.

நேரம்: காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. உள்ளங்கையைத் தளத்தில் வைத்துப் பத்து எண்ண முடியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். சூட்டுத் தளத்தில் மேல்தோல் மட்டும் உடனே காய்ந்து, உள்ளே மாட்டிய தண்ணீர் குமிழியாகக் கிளம்பும். நாள் கூலி வேலையில் பெயின்டர் பத்து மணிக்கு நிறுத்த மாட்டார் என்பதுதான் நடைமுறைச் சிக்கல். மூன்று காலை வேலை என்று முன்பே பேசி ஒப்பந்தமாக விடுவது நல்லது. முதல் கோட்டிங் வாளியில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து பிரைமர்போல. இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய தண்ணீர் இல்லாமல், ஒன்றுக்கொன்று குறுக்காக. மூன்றாவது வாளியும் அடிவரை வந்தால்தான் தடிமன் வந்ததாக அர்த்தம். அதற்கு மேல் மிச்சம் இருந்தால் இன்னொரு கோட்டிங் பாக்கி இருக்கிறது.

மாதம்: பிப்ரவரிக் கடைசி முதல் மார்ச் நடு வரை. ஏப்ரல், மே மாதங்களில் சேர்வராயன் மலைப் பக்கம் மதியம் இருட்டிக்கொண்டு வந்து சாயங்காலம் கொட்டும் கோடை மழை, காயாத பூச்சைப் பால்போலக் கரைத்துச் சாக்கடைக்குக் கொண்டுபோய்விடும். ஜவ்வரிசி வடகம் போடும் காலமும் அதுதான் என்பதால் வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பூச்சு முழுதாக இறுக ஒரு வாரம் விட்டு, அதற்குப் பிறகும் வெள்ளை வேட்டி விரித்துத்தான் வடகம் போட வேண்டும்.

இனி சுண்ணாம்பு. பூச்சுக்குப் போட்டியாளர் வேறு கம்பெனி அல்ல, சுண்ணாம்புதான். அடித்த முதல் வாரத்தில் வெயிலைத் திருப்புவதில் நல்ல சுண்ணாம்புக்கும் விலை உயர்ந்த பூச்சுக்கும் கண்ணால் காணும் வித்தியாசம் கிடையாது. செலவு அதில் சின்னப் பங்கு. வித்தியாசம் ஆயுளில். சுண்ணாம்பு ஒரு மழைக்காலம்தான், வருடாவருடம் அடிக்க வேண்டும். காலில் ஒட்டும், துணியில் ஒட்டும். அதைப் பொறுத்துக்கொள்ளும் வீட்டுக்கும், வாடகை வீட்டில் ஒரு கோடையை மட்டும் கடக்க நினைப்பவர்களுக்கும் சுண்ணாம்பையே சொல்வோம்.

முறை பழையது, அதையே பின்பற்றலாம். சுட்ட கல் சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இரும்பு டிரம் நல்லது, பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். கண்ணாடி போடாமல் குனியக் கூடாது, கண்ணில் பட்டால் பார்வை போகும். 24 மணி நேரம் நீற விட்டு, துணியில் வடிகட்டி, 10 லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு 40 கிராம் பசையை வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். சுவருக்கு அடிப்பதுபோல நீலம் கலக்கக் கூடாது. நீலம் கண்ணுக்கு வெண்மையைக் கூட்டிக் காட்டும், ஆனால் வெயிலைக் கொஞ்சம் விழுங்கும். சேலத்து வெள்ளைக்கல்லைச் சிலர் சுண்ணாம்பு என்று நினைத்துக் கேட்பதுண்டு. அது மாக்னசைட், வேறு பொருள், இந்த வேலைக்கு ஆகாது.

ஒரே எச்சரிக்கை: இன்றைக்குச் சுண்ணாம்பு, அடுத்த வருடம் கோட்டிங் என்று திட்டமிடாதீர்கள். சுண்ணாம்புப் பொடியின் மேல் அக்ரிலிக் பிடிக்காது, அப்பளம்போலப் பெயர்ந்து வரும். முழுதும் சுரண்டிக் கழுவ ஆகும் கூலி, சுண்ணாம்பில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கூலிங் டைல்ஸ் நல்லவைதான், ஆயுளும் அதிகம். ஆனால் ஒரு அங்குலக் கலவையும் டைல்ஸும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 100 கிலோ அளவுக்கு வரும். ஆயிரம் சதுர அடிக்கு 9 டன். ஏற்கெனவே செங்கல் ஜல்லியும் தட்டோடும் சுமக்கும் பழைய தளத்தின் மேல், இன்ஜினியரைக் கேட்காமல் இதை ஏற்றுவது ஆபத்து. பூச்சின் எடை இதன் முன் ஒன்றுமே இல்லை.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பூச்சோடு நின்றுவிட வேண்டாம். வீடுகளுக்கான எரிசக்தி விதியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரையின் யு மதிப்பு, அதாவது கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்தும் என்பதன் அளவு, 1.2ஐத் தாண்டக் கூடாது என்றது. வெறும் காங்கிரீட் தளத்துக்கு அது 3க்கு மேல். வெள்ளை அடிப்பதால் அந்த எண் மாறாது. பூச்சு வெயிலைத் திருப்புமே தவிர வெப்பத்தைத் தடுக்காது. தளம் போட்ட கையோடு 25 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். என்னும் வெப்பம் தடுக்கும் நுரைப் பலகையை விரித்து, மேலே கலவை போட்டால் யு மதிப்பு 0.9க்கு அருகில் வந்துவிடும். அதன் மேல் வெள்ளையும் அடித்தால் மாடி அறை கீழ் அறையைப்போல இருக்கும்.

தகரக் கூரைக்கு வருவோம். அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டைப் பக்கத்துத் தறிக்கூடங்களுக்கும் பட்டறைகளுக்கும் நாங்கள் முழு மதிப்பெண் கொடுப்பது இங்கேதான். தகரத்துக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும் கனம் இல்லை. வெயில் பட்ட நிமிடமே உள்ளே அடிக்கும், அதனால் பூச்சின் பலனும் அன்று மதியமே தலைக்கு மேல் தெரியும். கால் படாத கூரை என்பதால் 150 மைக்ரான்கூடப் போதும். ஆனால் தகடு அலை அலையாக இருப்பதால் பரப்பு தரை அளவைவிட அதிகம், 10 முதல் 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்த பிறகுதான் வெள்ளை. புது ஜிங்க் தகடு என்றால் அதற்கான எட்ச் பிரைமர் இல்லாமல் எதுவும் பிடிக்காது. கல்நார் ஓடு என்றால் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். நனைத்து, மென்மையான பிரஷ்ஷால் மட்டும். கல்நார் ஓட்டின் மேல் ஏறி நிற்பதும் கூடாது, பலகை போட்டு அதன் மேல்தான்.

வேலை முடிந்த பிறகு வெப்பமானித் துப்பாக்கி வைத்துக் காட்டுவார்கள். காங்கிரீட்டிலும் வெள்ளைப் பூச்சிலும் அது சரியாகக் காட்டும். பூசாத பளபளத் தகட்டில் தப்பாக, குறைவாகக் காட்டும். ஆகவே தகரக் கூரையில் முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டுமானால், அடிப்பக்கத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த இடத்தையே இரண்டு முறையும் அளக்கச் சொல்லுங்கள்.

மின்கட்டணத்தில் என்ன தெரியும்? ஏசி இல்லாத வீட்டில் பூச்சால் பில் குறையாது, தூக்கம் கூடும், அவ்வளவுதான். அந்த வீட்டில் பில் குறைய வேண்டுமானால் ஃபேனை மாற்ற வேண்டும். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். ஏசி வீட்டில் பூச்சும் ஃபேனும் சேர்ந்து கோடை ரீடிங்கை 500 யூனிட்டுக்குள் நிறுத்திவிட்டால் லாபம் இரட்டிப்பு. அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளின் சலுகையும் குறைந்துவிடுகிறது. சோலார் வைக்கும் எண்ணம் இருந்தால் ஸ்டாண்டுக் கால்கள் போட்ட பிறகு பூச்சு அடியுங்கள். முதலில் அடித்துவிட்டுப் பிறகு துளை போட்டால் ஒவ்வொரு துளையும் ஒரு ஒழுகல். பேனல் நிழல் விழும் இடத்துக்குப் பூச்சு அவ்வளவு அவசியமும் இல்லை.

மாடி மழைநீரைத் தொட்டியில் பிடிக்கிறவர்கள் பூச்சு அடித்த பின் வரும் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு என்றால் இன்னும் ஓரிரு மழை.

ஏற்காட்டைப் பற்றி ஏன் அப்படிச் சொன்னோம் என்றால், சேலம் 278 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது எட்டு டிகிரி அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் அங்கே வெயில் வீட்டுக்குள் வர வேண்டும், திருப்பி அனுப்பக் கூடாது. மலை மூடுபனியில் வெள்ளைப் பூச்சின் மேல் பாசி படர்ந்து சீக்கிரமே கறுத்தும்விடும். அங்கே அந்தப் பணத்தை ஒழுகலை அடைக்கச் செலவிடுவதே சரி.

கீழே சேலத்திலும் பூச்சு கறுக்கும், மெதுவாக. 0.80க்கு மேல் தொடங்கியது ஓரிரு வருடத் தூசியில் 0.65 பக்கம் இறங்கும். வருடத்துக்கு ஒரு முறை, மாசி மாதத்தில், சோப்புத் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் வைத்து ஒரு காலை வேலையாகத் தேய்த்துக் கழுவினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வரும். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் வேண்டாம். அப்போதே உரிந்த இடங்களையும் மூலைகளையும் பார்த்து, அவற்றுக்கு மட்டும் ஒரு கை அடித்துவிடலாம். மூன்றாவது வாளியில் அடியில் மிஞ்சியதை மூடி இறுக்கி நிழலில் வைத்திருந்தால் அதற்கு உதவும்.